கிறேஹவுண்டுக்கு ஓடப் பழக்கத் தேவையில்லை

போன மாதம் எங்களோட வேலை செய்யிற பெடியள் நாலு பேர் ஒரு யோசினையோட வந்தாங்கள். கிறேஹவுண்ட் குட்டி ஒண்டில பங்கு எடுக்கப் போறாங்களாம். பத்துப் பேர் காசு போட்டு ஒரு குட்டியை வாங்குறது, அதை ஒரு ட்றெயினரிட்டை விடுறது, ஓடத் தொடங்கினாப் பிறகு வெல்லுற காசைப் பிரிக்கிறது. "அண்ணை, நீங்கள்தானே நாய்ப் பண்ணைக்குப் போய் வாறனீங்கள், இது சரிவருமோ?" எண்டு கேட்டாங்கள். வெள்ளிக்கிழமை இரவு குசினிக்குள்ள நிண்டு சொல்லி முடிக்கிற கதையில்லை இது. அதால எழுதுறன். இதே யோசினையோட இருக்கிற வேற ஆக்களும் வாசிக்கட்டும்.

என்ர முடிவை முதலே சொல்லிப்போடுறன். பங்கு எடுக்காதையுங்கோ. ஆனால் சூது கூடாது, காசு போயிடும் எண்டு நான் சொல்ல வரேல்லை. அதைச் சொல்ல உங்கட வீட்டுக்காரர் இருக்கினம். நான் சொல்ல வாறது குட்டியைப் பற்றி. அது பிறந்த நாளில இருந்து முதல் ஓட்டம் வரைக்கும் இருக்கிற பதினாறு மாதத்தைப் பற்றி.

எனக்கு இதில என்ன தெரியும் எண்டு கேக்கலாம். எங்கட றெஸ்ரோரன்றுக்கு இறைச்சி கொண்டு வாற ஒரு கிழவர் இருக்கிறார். சின்ன வயதில மோல்டாவில இருந்து வந்தவர். கிரான்பேர்ண் தாண்டிப் போனால் அவருக்கு ஒரு காணி, அதில கிறேஹவுண்ட் வளர்க்கிறார். திங்கட்கிழமை எங்களுக்கு லீவு. மூண்டு வருசமாய் அநேகமான திங்கட்கிழமையளில நான் அங்கதான். கூலிக்கில்லை. கூடு கழுவுறது, சாப்பாடு போடுறது, குட்டியளை நடத்திக்கொண்டு போறது. கம்பஸில விலங்கியல் படிச்சுக்கொண்டிருந்தவன் நான். 2006 இல ஏ9 பாதை பூட்டினதோட ரெண்டாம் வருசத்தில படிப்பு நிண்டு போச்சு. மிச்சம் படிக்கிற மாதிரித்தான் அந்தக் காணிக்குப் போறன் எண்டு வைச்சுக் கொள்ளுங்கோ.

சரி, விசயத்துக்கு வருவம்.

கிறேஹவுண்டைப் பழக்கிறது எண்டால் ஓடப் பழக்கிறது எண்டுதான் எல்லாரும் நினைக்கினம். அது பிழை. ஓட்டம் அதின்ர உடம்பிலயே இருக்கு. கண்ணால கண்டு துரத்துற சாதி அது, மோப்பம் பிடிச்சுப் போற சாதியில்லை. முப்பது கிலோ அளவு உடம்பு, அதில முக்கால்வாசி தசை மாதிரித்தான் பாக்கத் தெரியும், கொழுப்பு எண்டு ஒண்டும் இல்லை. பாய்ஞ்சு ஓடேக்கை ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ரெண்டு தரம் நாலு காலும் நிலத்தில படாமல் இருக்கும், கால் எல்லாம் விரிஞ்சு இருக்கேக்கை ஒருக்கா, மடங்கி இருக்கேக்கை ஒருக்கா. மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல போகும். ஆறு கிழமைக் குட்டிக்கு முன்னால ஒரு பழைய சாக்குத்துண்டைக் கயித்தில கட்டி இழுத்துப் பாருங்கோ. ஆரும் அதுக்குச் சொல்லிக் குடுக்கேல்லை. ஈத்தில ஏழு குட்டி எண்டால் ஆறு பின்னால வரும். வராத அந்த ஒண்டைப் பற்றிப் பிறகு சொல்லுறன்.

வன்னியில உடும்புக்கும் முயலுக்கும் போற நாயளைப் பாத்த ஆக்களுக்கு இது விளங்கும். ஆர் அதுகளுக்கு வகுப்பு எடுத்தது? குட்டி தாயோட போகும், வரும், அவ்வளவுதான்.

இந்த நாயோட்டமே பொய்முயலில கட்டின விளையாட்டு. ஓவன் பற்றிக் ஸ்மித் எண்டு ஒரு அமெரிக்கர் இயந்திரத்தில ஓடுற முயலைச் செய்து 1919 இல கலிபோர்னியாவில, எமரிவில் எண்ட இடத்தில ட்றாக் திறந்தார். 1926 இல அது மான்செஸ்ரருக்கு வந்தது, 1927 இல சிட்னிக்கு வந்தது. இஞ்சத்தைய கிழவர்மார் இப்பவும் "தகர முயல்" எண்டுதான் சொல்லுவினம். நூறு வருசத்துக்கு மேலாய் நாயள் துணிக்கும் பிளாஸ்ரிக்குக்கும் பின்னால பழுதில்லாமல் ஓடுதுகள். இதை ஞாபகம் வைச்சிருங்கோ, கீழ தேவைப்படும்.

அப்ப பதினாறு மாதமும் என்னத்தைப் பழக்கிறது? ஓட்டத்தைத் தவிர்ந்த எல்லாத்தையும்.

முதலாவது, உலகத்தை. நாய்க்குட்டிக்கு மூண்டாம் கிழமையில இருந்து பன்னிரண்டு, பதினாலு கிழமை வரைக்கும் ஒரு காலம் இருக்கு. அந்தக் காலத்தில எதைக் காணுதோ, கேக்குதோ, அது தன்ர உலகத்தில உள்ளது எண்டு எடுத்துக்கொள்ளும். அதுக்குப் பிறகு முதல்முதல் காணுற எதுவும் பயத்தோடதான் உள்ளுக்க போகும். ஸ்கொற், புல்லர் எண்ட ரெண்டு பேர் அமெரிக்காவில வருசக்கணக்காய்க் குட்டியளை வைச்சுப் பாத்து, 1965 இல பெரிய புத்தகமாய் எழுதின விசயம் இது. புது விசயமில்லை. ஆனால் பெரிய வளர்ப்பிடங்களில இந்தப் பத்துப் பதினொரு கிழமையும் எப்படிப் போகுது எண்டு நினைக்கிறியள்? தகரக் கூரைக்குக் கீழ, சீமெந்து நிலத்தில, கூடப் பிறந்த ஆறேழோட. ஒரு நாளைக்கு ரெண்டு தரம் ஒரு ஆள் வாளியோட வரும், போகும். ஊசி போட, மைக்றோசிப் வைக்க ஒரு ஆள் வரும். அவ்வளவுதான் மனிசர்.

மோல்டாக் கிழவர் செய்யிறது வேற. அவருக்கு இதுக்குப் புத்தகம் தேவைப்படேல்லை. நாலாம் கிழமையில குட்டியளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக் குசினிக்குள்ள விடுவார். மனிசி பாத்திரத்தைப் போட்டு உடைக்கிற மாதிரிச் சத்தம் போட்டுச் சமைப்பா. ரேடியோ, வக்யூம் கிளீனர், பேரப்பிள்ளையள். ஊசி முடியுமட்டும் நிலத்தில விடாமல் கையில வைச்சுக்கொண்டு பள்ளிக்கூட வாசல்ல போய் நிப்பார். படி ஏறி இறங்க விடுவார். கண்ணாடிக் கதவுக்கு முன்னால விடுவார். சிரிப்பாய் இருக்கும், ஆனால் ஓடி முடிச்ச கிறேஹவுண்டை வீட்டுக்கு எடுத்த ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ. நாலு வயது நாய், அரை நிமிசத்தில 500 மீற்றர் ஓடினது, மூண்டு படியைக் கண்டு நடுங்கிக்கொண்டு நிக்கும். கண்ணாடிக் கதவில போய் மோதும். தனிய ஒரு அறையில படுக்கத் தெரியாது. பிறந்த நாளில இருந்து தனிய இருந்ததே இல்லை, பாவம்.

ரெண்டாவது, எலும்பு. இதை நான் கொஞ்சம் விரிவாய்ச் சொல்லப் போறன், படிச்ச பாடம் எண்டதால.

மூண்டு நாலு மாதத்தில இருந்து ஒரு வயது வரைக்கும் குட்டி பெரிய வெளியில இருக்க வேணும். நீளமாய் வேலி அடைச்ச புல்வெளி. அங்க ஒண்டையொண்டு துரத்தும், திரும்பும், விழும், வேலியோரம் நீளத்துக்கு ஓடும், பிறகு மணித்தியாலக் கணக்கில படுக்கும். இதுதான் உண்மையான உடற்பயிற்சி, ஒரு மனிசனும் திட்டம் போட்டுக் குடுக்கேலாத பயிற்சி. ஓடுறதும் நிக்கிறதும் அதின்ர விருப்பம். களைச்சால் படுக்கும். இயந்திரத்துக்குப் பின்னால விட்டால் களைச்சாலும் ஓடும், அதுதான் வித்தியாசம்.

சாப்பாட்டில அக்கறை வேணும். ஓடுற நாய் எண்டு வெறும் இறைச்சியாய்க் குடுத்து வளர்க்கிற ஆக்கள் இருந்தவை. இறைச்சியில பொஸ்பரஸ் கூட, கல்சியம் குறைவு. வளருற குட்டி தன்ர எலும்பில இருந்தே கல்சியத்தை எடுக்கத் தொடங்கும், எலும்பு மெலிஞ்சு சும்மா பாய்ஞ்சாலே முறியும். அதுக்குப் பயந்து கல்சியத் தூளை அள்ளிக் கொட்டினாலும் வளர்ச்சி பிழைக்கும். கணக்காய் இருக்க வேணும். கிழவர் குட்டியளுக்கெண்டு செய்த உலர்சாப்பாட்டைத்தான் பெரும்பங்கு குடுக்கிறார், இறைச்சி மேலால கொஞ்சம். இத்தனைக்கும் அவர் இறைச்சி யாவாரி.

நீள எலும்புகளின்ர நுனியில இருக்கிற வளர்ச்சித் தட்டு ஒரு வயதாகிற அளவிலதான் மூடுப்படும். அதுக்கு முன்னம் இறுக்கமான வளைவில வேகமாய் ஓட விடுறது பச்சைச் சீமெந்தில நடக்கிற மாதிரி. அதுக்குப் பிறகும் அவசரப்படேலாது. எலும்புக்குப் புதுப் பாரம் வந்தால், அது முதல் பழைய பகுதியைக் கரைக்கும், பிறகுதான் புதுசாய்க் கட்டும். கரைச்சதுக்கும் கட்டுறதுக்கும் இடையில கிழமைக்கணக்கில ஒரு இடைவெளி. அந்த நேரத்தில எலும்பு முன்னத்தையிலும் பலவீனம். வெளியில பாத்தால் நாய் நல்ல உசாராய் நிக்கும், தசை முறுகி இருக்கும், நேரமும் குறைஞ்சுகொண்டு வரும். தசை கெதியாய் வளரும், எலும்பு மெதுவாய்த்தான் வரும். ட்றெயினரின்ர கையில இருக்கிற மணிக்கூடு தசையை மட்டும்தான் அளக்கும்.

ட்றாக்கில நாயள் எப்பவும் இடப்பக்கமாய்த்தான் சுத்தி ஓடுறது. அதால வலது பின்னங்கால் கணுவில இருக்கிற ஒரு சின்ன எலும்புக்கு, ஒவ்வொரு வளைவிலயும், ஒரே மாதிரி அடி விழும். ஓட்ட நாயளுக்குக் கணு எலும்பு முறியிறது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். ஒரு நாள் விபத்து எண்டு ட்றாக்கில சொல்லுவினம். அது ஒரு நாளில நடந்ததில்லை, மாதக்கணக்காய்ச் சேர்ந்தது.

மூண்டாவதாய்த்தான் அவை "படிப்பு" எண்டு சொல்லுற விசயம் வருது. ஒரு வயது தாண்டி, பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் இடைப்பட்ட மாதங்களில, நாலஞ்சு கிழமை. கொலர் போட்டுக் கயித்தில நடக்கிறது, வாய்க்கூடு போட விடுறது, தனிக்கூட்டில படுக்கிறது, ட்றெயிலரில போறது, பிறகு பொய்முயல், பிறகு பெட்டி.

பெட்டிதான் கஷ்டம். இருட்டு, ஒடுக்கம், கதவு டப்பெண்டு திறக்கிற சத்தம். நல்லாய்ச் செய்யிற ஆக்கள் எப்படிச் செய்யினம் எண்டால், முன்கதவும் பின்கதவும் திறந்தபடி சும்மா ஊடால நடத்துவினம். அடுத்த நாளும் அதுதான். பிறகு பின்கதவை மட்டும் மெதுவாய்ச் சாத்துவினம். பிறகு முன்கதவைப் பாதி. முயலை முன்னால ஆட்டிக் காட்டிப்போட்டுத் திறப்பினம். முதல் கையில இருந்து 200, 300 மீற்றர் விட்டுப் பாத்து, பிறகு பெட்டியில இருந்து தனிய, பிறகு ரெண்டு மூண்டு குட்டியோட. ஓடின நாளுக்கு அடுத்த நாள் நடை மட்டும். கிழமைக்கு ரெண்டு பாய்ச்சலுக்கு மேல இல்லை. முடிஞ்சதும் சில கிழமை திரும்பப் புல்லுக்கு விட்டு ஆறவைச்சுப்போட்டுத்தான் அடுத்த கட்டம். எங்கட குசினியில மாவைப் பிசைஞ்சு மூடி வைக்கிறம் எல்லோ, அதே விசயம். வைக்காமல் தட்டினால் பரோட்டா கிழியும்.

கெட்டதாய்ச் செய்யிற ஆக்களுக்கு ரெண்டு நாள் போதும். பிடிச்சுத் தள்ளி, ரெண்டு கதவையும் அடிச்சுச் சாத்துறது. குட்டி ஓடத்தான் செய்யும், முயலைப் பிடிக்கவோ பெட்டியில இருந்து தப்பவோ எண்டு ஆரும் கேக்கிறேல்லை. புதுசாய் வந்த பெடியனை ஒண்டும் சொல்லிக் குடுக்காமல் சனிக்கிழமை இரவு கிறில்லில விடுற முதலாளியளைக் கண்டிருக்கிறம். கை சுட்டாலும் வேலை நடக்கும்தானே.

இதில எனக்கு ஆகலும் மனம் பொறுக்காத ஒரு விதி இருக்கு. ஓடேக்கை ஒரு நாய் முகத்தைத் திருப்பிப் பக்கத்து நாயோட சேட்டை விட்டால் குற்றம். முயலை முழு மனதோட துரத்தாட்டிலும் குற்றம். நாய்க்குத் தடை போடுவினம், திரும்ப ஒரு பரீட்சை ஓட்டம் ஓடிக் காட்ட வேணும். அதுக்கு நியாயம் இருக்கு, அந்த வேகத்தில முட்டுப்பட்டால் எட்டு நாயும் விழும். ஆனால் சில நாய்க்கு அது சேட்டை. புல்வெளியில ஒரு வருசமாய் செய்ததைத்தான் அங்கயும் செய்யுது. விளையாட எண்டு சொல்லி வளர்த்துப்போட்டு, விளையாடினதுக்குத் தடை.

இனி மேல சொன்ன தகர முயலுக்கு வாறன். 2015 பெப்ரவரியில ஏபிசி ரிவியின்ர "ஃபோர் கோர்ணேர்ஸ்" நிகழ்ச்சி, ஒளிச்சு வைச்ச கமராவில எடுத்த படங்களைக் காட்டினது. குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா மூண்டு மாநிலத்திலயும், பயிற்சி எண்ட பேரில உயிரோட பன்றிக்குட்டி, பொசம், முயல் எல்லாத்தையும் இயந்திரத்தில கட்டிச் சுத்தவிட்டு நாயளைக் கடிக்கவிட்டிருக்கினம். அப்பவே சட்டப்படி குற்றம் அது. குட்டிக்கு ஒருக்கா ரத்தம் காட்டினால்தான் வெறி வரும், வெறி வந்தால்தான் துரத்தும் எண்டது அவையின்ர விளக்கம். கொடுமை எண்டது ஒருபக்கம். மற்றப்பக்கம், பச்சைப் பொய். நூறு வருசமாய்த் துணிக்குப் பின்னால ஓடுற சாதிக்கு ரத்தம் எதுக்கு? ஆறுகிழமைக் குட்டி சாக்குத்துண்டுக்கு ஓடுதே. அவசரக்காரருக்குத்தான் அது தேவைப்பட்டது, மெதுவாய் வரக்கூடிய குட்டிக்குக் காத்திருக்க மனமில்லாத ஆக்களுக்கு. அந்த நாய் ஓட்டம் முடிஞ்சு ஒரு வீட்டுக்குப் போனால், அந்த வீட்டுப் பூனைக்கு என்ன நடக்கும் எண்டு அவை யோசிச்சிருக்கப் போறதில்லை, ஏனெண்டால் அது வீட்டுக்குப் போகும் எண்ட நினைப்பே அவைக்கு இல்லை.

அந்த நினைப்பு ஏன் இல்லை எண்டதுக்கு அடுத்த வருசம் கணக்கு வந்தது. முந்தி உச்ச நீதிமன்ற நீதிபதியாய் இருந்த மைக்கல் மக்ஹியூ நியூ சவுத் வேல்ஸில விசாரணை செய்து 2016 இல அறிக்கை குடுத்தார். முந்தின பன்னிரண்டு வருசத்தில அந்த ஒரு மாநிலத்தில மட்டும் பிறந்த கிறேஹவுண்ட் 97,783. அதில 48,891 க்கும் 68,448 க்கும் இடைப்பட்ட தொகையைக் கொண்டிருக்கினம், ஓட்டம் காணாது, ஓட்டத்துக்குச் சரிவராது எண்டு. பாதி, அல்லது பாதிக்கு மேல. முதலமைச்சர் மைக் பெயர்ட் ஓட்டத்தையே தடை செய்யிறன் எண்டு யூலையில சொன்னார், ஒக்டோபரில பின்வாங்கினார்.

மேல சொன்ன அந்த ஏழாவது குட்டியை இப்ப நினைச்சுப் பாருங்கோ. சாக்குத்துண்டுக்குப் பின்னால வராமல் இருந்து காதைச் சொறிஞ்சுகொண்டிருந்தது. அதில ஒரு குறையும் இல்லை. ஒரு நல்ல வீட்டு நாய் அது. ஆனால் அந்தப் பதினாறு மாதத்தில ஒரு நாளாவது வீட்டைக் காட்டாமல் வளர்த்தால், ஓடவும் மாட்டுது, வீட்டிலயும் இருக்கத் தெரியாது எண்ட நிலைக்கு நாங்கள்தான் கொண்டு வாறம். கணக்கில விழுந்ததுகளில கனக்க இப்படி வந்ததுகள்தான் எண்டு நான் நினைக்கிறன்.

(நான் பாத்த பழைய நாயளின்ர காதுக்குள்ள பச்சை மையில எழுத்துக் குத்தி இருக்கும். படகில வந்த எனக்கும் கொஞ்சக் காலம் ஒரு இலக்கம்தான் பேர். அந்தக் காதைப் பாக்கேக்கை எனக்கு வேற ஞாபகங்கள் வரும். அதை இங்க இழுக்கேல்லை, நாயின்ர கதை நாயின்ரதாய் இருக்கட்டும்.)

2015 க்குப் பிறகு ஒண்டும் மாறேல்லை எண்டு சொன்னால் அது பொய். விக்டோரியாவில 2020 இல இருந்து ஒரு விதிக்கோவை நடைமுறைக்கு வந்தது. குட்டியளை மனிசரோட, சத்தங்களோட, புது இடங்களோட பழக்க வேணும் எண்டு அதில எழுதியே இருக்கு. ஓட்டம் முடிஞ்ச நாயளை வீடுகளுக்குக் குடுக்கிற வேலை விக்டோரியாவில 1996 இல தொடங்கினது, முந்தியை விட இப்ப எவ்வளவோ கூட. 2019 இல இருந்து வீட்டு நாயாய்ப் போன கிறேஹவுண்டுக்கு இங்க றோட்டில வாய்க்கூடு போடத் தேவையில்லை. எல்லாம் நல்லது. ஆனால் விதியை எழுதுறது ஒரு பேப்பர். முப்பது குட்டியும் ரெண்டு வேலையாளும் இருக்கிற இடத்தில ஒவ்வொரு குட்டியையும் ஆர் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்குப் போறது? நானும் கூலி வேலை செய்யிறவன்தான். நேரம் எண்டால் காசு, ஆள் எண்டால் காசு. ஒரு குட்டி முதல் பதினாறு மாதமும் ஒரு சதம் உழைக்காது. செலவைக் குறைக்க வேணுமெண்டால் குறைக்கக்கூடிய இடம் அந்தப் பதினாறு மாதம்தான். பங்குக்காரர் கெதியாய் ஓட்டம் பாக்க வேணும் எண்டு போன் எடுத்துக் கேப்பினம். ட்றெயினர் எலும்பின்ர கதையை அவைக்குச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்.

இதுதான் நான் பெடியளுக்குச் சொல்லுறது. நீங்கள் கெட்ட ஆக்கள் எண்டு நான் சொல்லேல்லை. பத்துப் பேரின்ர பொறுமையின்மையை ஒரு குட்டியின்ர கணுவில ஏத்தப் போறியள். அதுக்கும் மேல காசு போடத்தான் வேணும் எண்டு நிண்டால், விலையைக் கேக்க முன்னம் குட்டி பிறந்த இடத்தைப் போய்ப் பாருங்கோ. கூட்டுக்குக் கிட்டப் போகேக்கை குட்டியள் வேலிக்கு ஓடி வருதுகளோ, பின்சுவரோட ஒட்டுதுகளோ எண்டு பாருங்கோ. கூடப் பிறந்த மிச்சக் குட்டியள் இப்ப எங்க எண்டு கேளுங்கோ, ஒவ்வொண்டாய். ஓடாட்டில் இதை ஆர் வைச்சிருக்கப் போறது, பத்துப் பேரில எவற்ற வீடு எண்டு உங்களுக்குள்ளயே கேளுங்கோ. எங்கட ஆக்களின்ர வீடுகளில நாயை உள்ளுக்க விடுறதே பெரிய பாடு. பத்து வருசத்துக்கு மேல சீவிக்கிற பிராணி, ஓடுறது மூண்டு நாலு வயது வரைக்கும்தான்.

"நாள் முழுக்க ஆட்டை வெட்டிக் கறி வைக்கிற நீங்கள் நாய்க்கு அழலாமோ?" எண்டு ஒருத்தன் கேட்டான். கேள்வி நியாயம். ஆட்டை நாங்கள் சாப்பாட்டுக்கு எண்டு சொல்லித்தான் வெட்டுறம், அதை ஒளிக்கிறதில்லை. இங்க கதை வேற. விளையாட்டு வீரன் எண்டு பேர் சொல்லி, தோளில நிறச் சட்டை போட்டு, ஸ்பிறிங்வேல்ல லைற் வெளிச்சத்தில 515 மீற்றர் ஓட விட்டு, படம் எடுத்து, ஓடாததைக் கணக்கில இருந்து எடுத்துவிடுற வேலை இது. என்னத்துக்கு வளர்க்கிறம் எண்டதை மறைக்காமல் சொன்னால் பாதிப்பேர் காசு போட மாட்டினம்.

ஓட்டம் இனி கன இடத்தில நிக்கத்தான் போகுது. கன்பெராப் பக்கம் 2018 இலயே தடை வந்தது. நியூசிலாந்து அரசு 2024 டிசம்பரில, 2026 யூலை முடிவோட நிப்பாட்டுறம் எண்டு அறிவிச்சது. 2025 பெப்ரவரியில வேல்ஸ், ஓகஸ்ற்றில தஸ்மேனியா. தடை வேணும் எண்டு கத்துற ஆக்களில நான் இல்லை, வேண்டாம் எண்டு நிக்கிற ஆக்களிலும் இல்லை எண்டு முந்திச் சொல்லிக்கொண்டிருந்தனான். இப்ப அப்படி இல்லை. ஒரு குட்டி பிறக்கேக்கையே அதின்ர கடைசி நாள் வரைக்குமான செலவை, பிறப்பிச்ச ஆள் ஒரு இடத்தில கட்டி வைக்க வேணும். ஓடினாலும் ஓடாட்டிலும் அந்தக் காசு குட்டியோட போக வேணும். ஒரு ஆள் தன்ர கையால தூக்கி வளர்க்கக்கூடிய தொகைக்கு மேல குட்டி வைச்சிருக்க விடக்கூடாது. இதைச் செய்தால் இந்த விளையாட்டு தாக்குப் பிடிக்காது எண்டு ஓட்டக்காரர் சொல்லுவினம். அப்ப நிண்டு போகட்டும். குட்டியை ஒழுங்காய் வளர்க்கிற செலவைத் தாங்கேலாத விளையாட்டுக்கு குட்டி எதுக்கு?

கிழவரிட்டை இதைச் சொன்னனான். அவர் என்னோட சண்டைக்கு வரேல்லை. அம்பது வருசமாய் இதில இருக்கிற மனிசன், தகப்பனும் இதுதான். இந்த வருசம் ஒரு ஈத்துத்தான், அடுத்த வருசம் பாப்பம் எண்டார். ஏழு குட்டியில ஒண்டு, முயலைக் கண்டு இருந்துவிடுற அந்தச் சாம்பல்நிறப் பெட்டை, பாக்கனமில ஒரு தாதி வீட்டுக்கு இப்பவே பேசியாச்சு. மற்ற ஆறுக்கும் பன்னிரண்டு கிழமை முடியப்போகுது. ஊசியும் போட்டாச்சு. வாற திங்கட்கிழமை கிரான்பேர்ண் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போறதாய் இருக்கு. ட்றொலி உருளுற சத்தத்துக்கு எது பின்வாங்குது, எது மணந்து பாக்கப் போகுது எண்டு பாக்க வேணும்.